இறகு தின்னும் பிள்ளைகள்

குளுக்கோஸ் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தபடியே பெரியவள் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தங்கை இன்னும் குளியலறையில்தான் இருந்தாள்; வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீல டிரம்மின் மூடியை ஒரு கையால் தூக்கி, மறு கையால் பொடியை உள்ளே சரித்து, மரத்துடுப்பால் இரண்டு சுற்று கலக்கிவிட்டாள். "சிந்தாம குடிங்க. எல்லாருக்கும் இருக்கு," என்று டிரம்முக்குள் பார்த்து அதட்டினாள். காலி உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கொட்டகையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

இதில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி என்று ஒன்றும் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வாய்க்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் எழுதி வைத்துவிட்டுப் போவார். படுத்திருக்கும் கிழவர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பரிதாபமாகப் பார்ப்பார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைப்பவள் இவள்தான். டாக்டர்கள் சொல்வார்கள், ஆயாக்கள் செய்வார்கள். ஆஸ்பத்திரி என்பது இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது என்பது அவளுடைய தீர்மானமான கருத்து. இப்போது டாக்டர் பட்டம் வாங்கிய தங்கை சொல்கிறாள், இவள் செய்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

டிரம்முக்குள் இருந்தது கோழி இறகு. கடைகளில் உரித்துப் போடும் இறகைக் கழுவி, நறுக்கி, வேகவைத்து, ஆறிய பிறகு அதில் சின்னவள் ஒரு குடுவையிலிருந்து கலங்கலான தண்ணீரை ஊற்றியிருந்தாள். அந்தத் தண்ணீரில்தான் பாக்டீரியா. கோழிக்கடையின் பின்பக்க மண்ணிலிருந்து அவளே தேடிப் பிடித்து, ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக வளர்த்த இனம். நாயும் தொடாத, மழைக்கும் வெயிலுக்கும் மக்காத இறகை அது அரித்துக் கரைத்துவிடும். கரைந்த சாறு செடிக்கு உரம். உலர்த்தினால் கோழிக்கே தீவனம். கண்ணாடிக் குடுவையில் இது பலமுறை பலித்துவிட்டது. ஆனால் குடுவையில் பலிப்பதை வைத்துக்கொண்டு ஊரில் யாரையும் நம்பவைக்க முடியாது. அதனால் சின்னவள் வேலையை விட்டுவிட்டு, பின்னால் தகரக் கொட்டகை உள்ள இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து, முதல் தடவையாக முழு டிரம்மில் போட்டிருந்தாள்.

பெரியவள் இங்கே வந்த கதை தனி. அம்மா போனபோது சின்னவள் பால் குடிக்கும் குழந்தை. தலைப்பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் நடுவே பிறந்தது எதுவும் தங்கவில்லை, ஆகவே இருவருக்கும் இடையே ஒரு தலைமுறை இடைவெளி. தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனவளுக்குக் கல்யாணம் என்ற ஒன்று நினைவுக்கு வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. ஓய்வு பெற்றபின் ஒற்றை அறையில் தனியாக இருந்தவளை, வந்துவிடு வந்துவிடு என்று சின்னவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பெரியவள் அசையவில்லை. "சும்மா தின்னுட்டு மூலையில உக்காந்திருக்க நான் என்ன மூட்டையா?" என்பாள். கடைசியில், "டிரம்மப் பாத்துக்க ஆள் இல்லக்கா," என்று சின்னவள் சொன்னதும்தான் மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கினாள்.

வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகை முழுவதும் பினாயில் ஊற்றித் துடைக்கப் போனாள். சின்னவள் பாய்ந்து வந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ அக்கா! இதுங்கள வளக்கத்தானே நான் வேலைய விட்டேன்!" வாழ்நாள் முழுக்கக் கிருமியைக் கொன்று சம்பளம் வாங்கியவளுக்கு, கிருமியைக் காப்பாற்று என்றால் எப்படி இருக்கும்? அன்றைக்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் சின்னவள் மைக்ராஸ்கோப்பில் ஒரு துளியை வைத்துக் காட்டியதும் கதையே மாறிவிட்டது. குச்சி குச்சியாக, துறுதுறுவென்று, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நீந்தின. "அட, பசங்க!" என்றாள். அன்றிலிருந்து அவை பசங்கதான்.

"சூடு குறையக்கூடாது, காத்துக் குழாய் நிக்கக்கூடாது, அப்பப்போ கலக்கிவிடணும். அவ்வளவுதான்," என்று சின்னவள் சொல்லிக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு என்ன என்று பெரியவள் கேட்டாள். இறகுதான் சாப்பாடு என்றாள் தங்கை. பெரியவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை போன பிறகு ஒரு இறகின் தண்டை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தாள், பின் பல்லிலும் வைத்துக் கடித்துப் பார்த்தாள். நகத்தைக் கடிப்பது போல இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பச்சைப்பிள்ளைகளுக்கு இதையா போடுவது? அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போய் குளுக்கோஸ் வாங்கி வந்துவிட்டாள். சாகக் கிடந்தவர்களை எல்லாம் அது எழுப்பி உட்கார வைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இறகுக்குப் பொறுப்பு கோழிக்கடைக்காரர். வட்டாரத்துக் கோழிக்கடைகளுக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர் அவர்தான். கடைக்காரர்கள் இறகைச் சாக்குச் சாக்காக வாய்க்கால் கரையில் கொட்ட, அது காற்றில் பறந்து துணி காயும் கொடியிலும் பிள்ளைகள் படிக்கும் வகுப்பிலும் விழுந்து, ஊரே அவர்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "டாக்டரம்மா, டிரம்முல இறக்கை காணாமப் போறத என் கண்ணால பாத்தேன்னா, அத்தனை கடைக்காரங்களையும் உங்க வாசல்ல கொண்டுவந்து நிறுத்துறேன். காணாமப் போகலேன்னா நான் அவனுங்க மூஞ்சில முழிக்க முடியாது," என்று சொல்லியிருந்தார். சின்னவளுக்கும் வேறு வழி இல்லை. இது பலிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்பவேண்டும். அது தொலைவில், விடுதி அறையில் தங்கிச் செய்கிற வேலை. அங்கே அக்காவை வைத்துக்கொள்ள முடியாது. இதைச் சின்னவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே பெரியவளுக்குத் தெரியும்.

அதனால்தான், நாள் போகப் போக டிரம்மில் இறகு இறகாகவே மிதந்தபோது பெரியவள் அடிக்கடி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீர் என்னவோ கொழகொழவென்று கெட்டியாகி, நுரைத்துப் பொங்கிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சல்லடையை விட்டுத் தூக்கினால் போட்டது போட்டபடி வந்தது. சின்னவள் சரியாகச் சாப்பிடவில்லை. டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்து குனிந்து முகர்ந்து பார்த்தாள், சூட்டைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். தங்கையின் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனதைப் பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்கு மனசு ஆறவில்லை. தன்னால் முடிந்ததை அவளும் செய்தாள். காலையில் மட்டும் போட்டுக்கொண்டிருந்த குளுக்கோஸைச் சாயங்காலமும் போட ஆரம்பித்தாள்.

கோழிக்கடைக்காரர் வருவதாகச் சொன்ன அன்று காலை, சின்னவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒண்ணுமே புரியலக்கா. செத்துப்போச்சோன்னு நெனச்சேன். பாத்தா உயிரோடதான் இருக்கு. கொழுகொழுன்னு, இதுவரைக்கும் நான் பாக்காத அளவுக்குப் பெருகிக் கெடக்கு. ஆனா இறக்கையத் தொடவே மாட்டேங்குது."

பெரியவளின் முகம் மலர்ந்துவிட்டது. பாராட்டு என்றால் அவளுக்குக் கை நீட்டத் தெரியாது. ஆனால் காதில் விழுந்தால் விடமாட்டாள்.

"கொழுகொழுன்னா இருக்கு? இருக்காதா பின்ன? ரெண்டு வேளையும் நான் கவனிக்கிறேனே."

"என்ன கவனிக்கிற?"

"குளுக்கோஸ்தான். வெறும் இறக்கைய எத்தனை நாளைக்குத்தான் திங்கும் பாவம்..."

சொல்லிக்கொண்டே தங்கையின் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நிறுத்தினாள். பெரியவள் எத்தனையோ பேருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கெட்ட செய்தி சொல்லப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். கேட்டதும் முகம் இப்படித்தான் ஒரு நொடி ஒன்றுமில்லாமல் போகும். சின்னவள் மெல்லப் போய் டிரம்மின் மூடிமேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பெரியவள் பதறி ஓடினாள். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிப்புக்கு நடுவே அழவும் செய்தாள். எது எங்கே முடிந்தது என்று சொல்வது கஷ்டம்.

"அக்கா... அதுங்க இறக்கைய ஆசைப்பட்டா திங்குது? வேற கதி இல்லாமத்தான் திங்குது. இறக்கைய அறுக்கறதுக்குன்னே உள்ளுக்குள்ள ஒரு சாறு சுரக்கும். பசிச்சாத்தான் சுரக்கும். இனிப்பு கெடைச்சா அதக் குடிச்சிட்டு ஜாலியா இருந்துடும். எதுக்கு மெனக்கெடணும்?"

"அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

அக்கா நேராகக் கேட்டால் சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது. அப்படித்தான் பெரியவள் அவளை வளர்த்திருந்தாள். "ஆமாக்கா," என்றாள்.

வெளியே கோழிக்கடைக்காரரின் வண்டி வந்து நின்றது. அவர் கொட்டகைக்குள் தலையைக் குனிந்து நுழைந்து, தானே சல்லடையை எடுத்து டிரம்முக்குள் விட்டுத் தூக்கினார். இறகு சொட்டச் சொட்ட வந்தது. "என்ன டாக்டரம்மா, குளிப்பாட்டித்தான் வெச்சிருக்கீங்க போல," என்றார். குரலில் கேலி இருந்தது, ஏமாற்றம் அதைவிட அதிகமாக இருந்தது.

"என் கணக்குதான் தப்பாப் போச்சுங்க," என்றாள் சின்னவள்.

பெரியவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள். "அவ கணக்கு தப்பல. இறக்கைய மட்டும் திங்க வேண்டியதுக்கு நான் தெனம் குளுக்கோஸ் கரைச்சுப் போட்டேன். வயிறு ரொம்பிக் கெடக்குதுங்க. அவளுக்கு இது தெரியாது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

கோழிக்கடைக்காரர் பெரியவளையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். "கிருமிக்கு குளுக்கோஸா?" என்றார். பிறகு சல்லடையை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்ல கூட்டியாந்து உங்கள வெச்சா எங்க மாமியார் தோத்துடுவாங்க. அவங்க எம்பையனுக்கு ஊட்டி ஊட்டியே அவனுக்கு இன்னும் கை எதுக்கு இருக்குன்னு தெரியாது." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், வண்டியில் இருந்த புது இறகுச் சாக்குகளை இறக்கி வைத்தார். "இன்னொரு டிரம் போடுங்க. இந்த ஒரு தடவைதான். மத்த கடைக்காரனுங்க அதுக்கு மேல பொறுக்க மாட்டானுங்க. நானும் எத்தனை நாளைக்குச் சமாளிக்கறது?"

அவர் போனபின் பெரியவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள். நாலு புடவை, ஒரு போர்வை, அவ்வளவுதான் அவளுடைய சாமான். மடித்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனாலும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பற?"

"என் ரூமுக்கு. இன்னும் காலி பண்ணல. நான் இருந்தா கை சும்மா இருக்காது பாப்பா. மறுபடி எதையாவது போட்டுத் தொலைப்பேன். உன் பொழப்புல மண்ணைப் போட்டா அதை வெச்சிக்கிட்டு நான் எப்படித் தூங்கறது? வேலைக்குன்னு கூப்பிட்ட. வேலை எனக்கு வரலை."

"வேலைக்குன்னா கூப்பிட்டேன்?"

"பின்ன எதுக்கு?"

"அப்படிச் சொன்னாத்தான் நீ வருவன்னு சொன்னேன். டிரம்மைக் கலக்கிவிட ஒரு ஆளுக்கா எனக்குப் பஞ்சம்? எனக்கு நீ கூட இருக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம். சும்மா இரு. எனக்கு நீ இருந்தாப் போதும்."

பெரியவள் கையிலிருந்த புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு பேச்சை அவளிடம் இதுவரை யாரும் பேசியதில்லை. ஆயாம்மா கொஞ்சம் திருப்பிப் படுக்க வைங்க, ஆயாம்மா தண்ணி, ஆயாம்மா இதைத் துடைங்க என்றுதான் உலகம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது, அவளும் ஓடியிருக்கிறாள். ஒன்றும் வேண்டாம், நீ இரு என்றால் எழுந்து எந்தப் பக்கம் போவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு, பிடிமானத்தை யாரோ உருவிக்கொண்ட மாதிரி பயமாகவும் இருந்தது.

"சும்மா இருக்கறது எனக்குப் பழக்கமில்லையே," என்றாள் கடைசியில்.

"பழகிக்கோ. இந்த டிரம் முடியற வரைக்கும் இரு. அப்புறமும் போகணும்னு தோணிச்சுன்னா நானே கொண்டுபோய் விடறேன்."

பழைய டிரம்மைக் கொட்டிக் கழுவி, புது இறகை வேகவைத்துப் போட்டார்கள். எல்லா வேலையையும் சின்னவளே செய்தாள். பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளை இதைவிடப் பெரிதாகத் தண்டிக்க முடியாது. தங்கை தூக்க முடியாமல் வாளியைத் தூக்கும்போதெல்லாம் பெரியவள் பாதி எழுந்து பாதியில் உட்கார்ந்தாள். புதுக் குடுவையிலிருந்து பசங்களை ஊற்றியபோது மட்டும், "இந்தத் தடவை பசி தாங்கணும்டா," என்று மெல்லச் சொன்னாள். சின்னவள் கேட்டும் கேட்காதது போலக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்கள் பெரியவளுக்கு யுகமாகக் கழிந்தன. டிரம்மைத் திறந்து பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டாள். போட்ட கொஞ்ச நேரத்தில் அதை மீறித் திறந்தும் பார்த்தாள். தண்ணீர் மெலிந்து, நுரையே இல்லாமல், இறகு அப்படியே மிதந்தது. போன தடவை எவ்வளவு செழிப்பாக இருந்தது! ஜுரத்தில் இளைத்த பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு. அடுக்களையில் சர்க்கரை டப்பா இருந்தது. ஒரு கை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டு, டப்பாவைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். "கொஞ்ச நாளைக்கு இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நான் கேட்டாலும் தராதீங்க." பாவம், அந்தப் பெண் இவளுக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். இவர்கள் வீட்டில் அன்றைக்கு இனிப்பில்லாத டீதான். சின்னவள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், பிறகு மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

மறுநாள் சின்னவள் மற்ற கடைக்காரர்களைப் பார்த்துப் பேச வெளியே போகவேண்டியிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "வேலைய அதுங்க ஆரம்பிச்சா வாடை வரும்க்கா. மூக்குல சுருக்குன்னு ஏறும். கண்ணு எரியும். வந்துச்சுன்னா நமக்கு நல்ல காலம்," என்றாள். "சாப்பிட்டுப் போடி," என்று வாய் வரைக்கும் வந்ததைப் பெரியவள் விழுங்கிக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல் தெருமுனை வரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நாள் முழுக்கப் பெரியவள் கொட்டகையில் தனியாக இருந்தாள். காற்றுக் குழாய் களகளவென்று பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பசி என்று கேட்டது, அம்மா என்று கேட்டது, தண்ணீர் என்று கேட்டது. வார்டில் இத்தனை வருஷம் இந்தச் சத்தங்களுக்குத்தான் அவள் கால் தானாக எழுந்து நடந்திருக்கிறது. துடுப்பை எடுக்கக் கை போயிற்று, இழுத்துக்கொண்டாள். மூடியைத் தொடக் கை போயிற்று, அதையும் இழுத்துக்கொண்டாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று தெரிந்துபோயிற்று. பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் தன் கனத்தை எல்லாம் இறக்கிக்கொண்டாள். விரல்கள் மரத்துப்போயின. பெட்டி இன்னும் கட்டிலுக்கு மேலேதான் இருந்தது. இறகு கரையாவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியதுதான், தங்கையும் வேறு பக்கம் தன் பெட்டியைத் தூக்குவாள். கரைய வைக்க அவளால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை. 'அதுங்க பாத்துக்கும்' என்று அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் சின்னவள் வந்தாள். முகம் வாடி, செருப்பில் தெருப் புழுதி ஏறியிருந்தது. கொட்டகை வாசலில் நின்று அக்காவைப் பார்த்தாள்.

"என்னக்கா பண்ற?"

"ஒண்ணும் பண்ணல," என்றாள் பெரியவள். "காத்தாலேர்ந்து ஒண்ணுமே பண்ணல பாப்பா."

அதை அவள் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. சின்னவள் டிரம்மைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளும் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குழாய் களகளத்துக்கொண்டிருந்தது. தகரத்தின் மேல் ஏதோ பறவை நடந்து போயிற்று.

முதலில் மூக்கைச் சுளித்தவள் பெரியவள்தான். பிள்ளைகள் வார்டில் நனைந்த துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்த அறையைக் காலையில் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. பொய்யோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். சுருக்கென்று உச்சி வரை ஏறியது. அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை முன்பே இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடை மூடியின் இடுக்கு வழியாகக் கசிந்து கசிந்து கொட்டகை முழுவதும் நிறைந்தது. கண் எரிந்தது, இருவர் கன்னத்திலும் நீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைத்துக்கொள்ள ஒருத்தியும் கையை எடுக்கவில்லை.